காற்று நின்ற மறுநாள்: கிராம சபைக்கு வரப்போகும் ஊர்க்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஊர்க்காரர்களுக்கு,

வணக்கம். கடைத்தெருவில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன் எழுதுகிறேன். மோட்டார் கருகிப்போய் என் கடை வாசலில் வந்து நிற்காத வீடு நம் ஊராட்சியில் குறைவு. அந்தப் பழக்கத்துக்காகவாவது இதை முழுக்கப் படிப்பீர்கள் என்று நம்புகிறேன். வேதாரண்யம் வட்டத்தில் பக்கத்து ஊராட்சிக்காரர்கள் படித்தாலும் சரிதான். ஊர்ப் பெயரை மாற்றிக்கொண்டால் மற்றதெல்லாம் அவர்களுக்கும் பொருந்தும்.

அக்டோபர் 2 கிராம சபை வருகிறது. கூட்டப் பொருளில் எங்காவது ஒரு வரியில் ‘வடகிழக்குப் பருவமழை முன்னெச்சரிக்கை’ என்று இருக்கும். போன தடவை அதை வாசித்து முடிக்க எவ்வளவு நேரம் ஆனது என்று நினைவிருக்கிறதா? சரியாக அந்த நேரம் பார்த்து டீ வந்தது. டம்ளர் சத்தத்திலேயே அது தீர்மானமாகிவிட்டது. நானும் ஒரு கையில் டீயோடு கையெழுத்துப் போட்டவன்தான், யாரையும் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இந்தத் தடவை அந்த ஒரு வரிக்கு ஒரு மணி நேரம் கேட்கிறேன்.

எங்கள் பாட்டிக்குப் பிறந்த வருஷம் தெரியாது. எதையும் புயலை வைத்துத்தான் எண்ணுவாள். பெரிய புயலில் கூரை போனது, அடுத்த புயலில் மாடு போனது என்பாள். 1952 நவம்பர் கடைசியில் நாகப்பட்டினம் கரையை அடித்தது ஒன்று. மூன்றே வருஷத்தில், 1955 டிசம்பர் தொடக்கத்தில், ராஜாமடம் பக்கம் கரையேறி கடலையே உள்ளே கொண்டுவந்தது இன்னொன்று. அப்புறம் 1977 நவம்பர் 12. எனக்கு அப்போது ஏழு வயசு. அப்பா என்னை நெல் குதிருக்குப் பின்னால் உட்காரவைத்து மேலே சாக்கைப் போட்டு மூடியது இன்னும் ஞாபகம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. நம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். கடைசியாக 2018 நவம்பர் 15 ராத்திரி, விடிந்தால் 16, கஜா.

கஜாவுக்குப் பிறகு டீக்கடையில் ஒரு பேச்சு நிலைத்துவிட்டது. “77க்கு அப்புறம் 18லதான் வந்துச்சு. நாப்பது வருஷத்துக்கு ஒரு தடவை. இனிமே நம்ம காலத்துல வராது.” கேட்க இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் 52க்கும் 55க்கும் இடையில் எத்தனை வருஷம்? தாயம் ஆடியவர்களுக்கு இது புரியும். போன உருட்டில் தாயம் விழுந்தது என்பதற்காக அடுத்த உருட்டில் விழாது என்று கட்டைக்கு ஒரு கணக்கும் கிடையாது. வங்கக் கடலில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒவ்வொரு வருஷமும் யாரோ கட்டையை உருட்டிக்கொண்டே இருக்கிறார்கள். 2020இல் நிவர் மரக்காணம் பக்கம் போய்விட்டது, 2024இல் ஃபெஞ்சல் புதுச்சேரி பக்கம் போய்விட்டது. நமக்கு விழவில்லை, அவ்வளவுதான்.

கஜாவின்போது முன்னெச்சரிக்கை வரவில்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வந்தது. ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகச் சொன்னார்கள். குடிசையில் இருந்தவர்களைப் பள்ளிக்கூடத்துக்கும் புயல் பாதுகாப்புக் கட்டடத்துக்கும் கூட்டிப்போனார்கள். போகாமல் முரண்டு பிடித்தவர்களும் நம்மவர்கள்தான். 77இல் போன உயிர்களோடு ஒப்பிட்டால் 2018இல் போனவை எவ்வளவோ குறைவு. எச்சரிக்கையும் ஆட்களை வெளியேற்றியதும் அதற்கு ஒரு பெரிய காரணம். இதைச் சொல்லாமல் மேலே போனால் நியாயம் ஆகாது.

ஆனால் எச்சரிக்கையைப் படிக்கவும் ஒரு பழக்கம் வேண்டும். அந்த வாரத் தொடக்கத்தில் புயல் வடக்கே போகும் என்றுதான் பேச்சு இருந்தது. பிறகு கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையே என்றார்கள். கடைசியில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் ஏறியது. இதில் வானிலைக்காரர்களைக் கேலி பேச எதுவும் இல்லை. மூன்று நாள் முன்னால் வரைபடத்தில் காட்டுகிற புனல் மாதிரியான பரப்பு, புயலின் நடுப்பகுதி அதற்குள் எந்த ஊர் வழியாகவும் போகலாம் என்பதற்கான அடையாளம். புனலுக்கு வெளியே இருக்கிறவர்களுக்கும் மழையும் காற்றும் கிடைக்காது என்று அதற்கு அர்த்தம் இல்லை. ‘நம்ம ஊர் பேரு இன்னும் வரல’ என்று காத்திருந்தவர்கள், பெயர் வந்தபோது ஓட்டின் மேல் மணல் மூட்டை வைக்கக்கூட நேரமில்லாமல் நின்றார்கள். டிவியில் பெரிதாகச் சொல்கிறார்களே, எத்தனையாம் நம்பர் கூண்டு ஏற்றினார்கள் என்று, அது துறைமுகத்தில் கப்பல்காரர்களுக்காக. நம் கூரைக்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. (எங்கள் மாமா ஒருத்தர் கூண்டு எண் பத்தைத் தாண்டாததால் ஆபத்து இல்லை என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனார். அந்த வரிசை பதினொன்றோடு முடிகிறது.)

இன்னொன்றும் அந்த ராத்திரி பலருக்குத் தெரியவில்லை. முதலில் வடக்கே இருந்து அடித்தது. அப்புறம் திடீரென்று அமைதி. “ஓஞ்சிடுச்சி” என்று சொல்லிக்கொண்டு மாட்டை அவிழ்க்க வெளியே போனார்கள். புயலின் கண் தலைக்கு மேல் நிற்கும்போது அப்படித்தான் இருக்கும். கண் நகர்ந்ததும் காற்று எதிர்ப்பக்கமாக, தெற்கே இருந்து திரும்பி வந்தது. வடக்குக் காற்றில் வேர் ஆடிப்போன மரங்கள் தெற்குக் காற்றில் விழுந்தன. 77ஐப் பார்த்த கிழவர்களுக்கு இது தெரிந்திருந்தது. நாம்தான் அவர்களைக் கேட்கவில்லை.

சரி, நான் எழுத வந்த விஷயம் இது எதுவுமே இல்லை. காற்று நின்ற மறுநாள் காலையில் இருந்து பத்து நாள் நம் ஊரில் என்ன நடந்தது என்பதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். புயலுக்கு முந்தின நாளுக்குப் பழகிவிட்டோம். பிந்தின நாட்களுக்கு நம்மிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

விடிந்தபோது மெயின் ரோட்டுக்குப் போகிற வழியில் நான் எண்ணியது பதினேழு மரம். புளியும் தூங்குமூஞ்சியும் வேரோடு கிடந்தன. சவுக்குத் தோப்பு தீக்குச்சிப் பெட்டியைக் கொட்டியதுபோல இருந்தது. ஊரில் மரம் அறுக்கிற மிஷின் ஒன்று இருந்தது. அதன் சொந்தக்காரர் பெட்ரோல் இல்லை என்றார். பெட்ரோல் பங்க்குக்குப் போக ரோடு இல்லை. பங்க்குக்கு நடந்தே போனாலும் அங்கே கரண்ட் இல்லாமல் பம்ப் ஓடாது. ஒன்றில் ஒன்று மாட்டிக்கொண்ட இந்தச் சிக்கலை அவிழ்க்க ஒன்றரை நாள் ஆனது. அந்த ஒன்றரை நாளில் மேலத்தெருவில் ஒரு பிரசவ வலி. கட்டிலோடு தூக்கிக்கொண்டு மரங்களுக்கு மேலே ஏறி இறங்கிப் போனோம். தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள், பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது. நல்லபடியாக முடிந்தது நம் சாமர்த்தியத்தால் என்று யாரும் சொல்லிவிட வேண்டாம்.

அடுத்தது தண்ணீர். இது என் தொழில், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்வதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை என்று நான்கு மாவட்டத்திலும் சேர்த்து லட்சத்துக்கு மேல் மின்கம்பம் சாய்ந்தது. எங்கெங்கோ இருந்து, கேரளத்தில் இருந்தெல்லாம்கூட, லைன்மேன்கள் வந்து இடுப்பளவு சேற்றில் நின்று கம்பம் நட்டார்கள். அப்படியும் நம் உள்தெருக்களுக்குக் கரண்ட் வர ஒரு மாதம் பக்கம் ஆனது. கரண்ட் இல்லை என்றால் டேங்க் ஏறாது. இரண்டாம் நாள் மத்தியானம் நான்கு டேங்க்கும் காலி. குழாயில் கொள்ளிடத்துத் தண்ணீர் வருகிற பக்கத்து ஊர்களிலும் அதே கதைதான். வழியில் இருக்கிற மோட்டார்கள் ஓடினால்தானே அது வந்து சேரும்.

எல்லோரும் என்னைத் தேடி வந்தார்கள். முதலில் கிடைத்தது ஒரு கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர். நான்கு பேர் தூக்கிக்கொண்டு வந்து இறக்கினார்கள். பார்த்தால் சிங்கிள் பேஸ். நம் டேங்க் மோட்டார் த்ரீ பேஸ், அதில் ஓடாது. அதைத் தூக்கி வந்தவர்களிடம் அதைச் சொன்னபோது அவர்கள் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. அடுத்து வந்தது ஐந்து கேவிஏ (ஜெனரேட்டரின் சக்தியை அளக்கிற கணக்கு). ஐந்து குதிரைச்சக்தி மோட்டார் கிளம்பும்போது இழுக்கிற கரண்ட், ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு. ஜெனரேட்டர் இருமி நின்றுவிட்டது. நான்காம் நாள்தான் திருச்சிப் பக்கம் இருந்து பதினைந்து கேவிஏ ஒன்று மினி லாரியில் வந்தது. மாட்டிப் போட்டால் மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் சொட்டுகிறது. “போர் தூர்ந்துடுச்சி” என்று ஒரு பாட்டி அழவே ஆரம்பித்துவிட்டார். போருக்கு ஒன்றும் ஆகவில்லை. பேஸ் மாறி மோட்டார் தலைகீழாகச் சுற்றியது. இரண்டு ஒயரை மாற்றிப் போட்டதும் தண்ணீர் பாய்ந்தது. அது எனக்குத் தெரிந்திருந்தது. நான் அன்றைக்குத் தங்கச்சி வீட்டில் மாட்டிக்கொண்டிருந்தால்?

இதைவிடப் பயமான ஒன்று. டேங்க் மோட்டார் அறையில் ஜெனரேட்டருக்கும் லைனுக்கும் நடுவே மாற்றிப் போடுகிற சேஞ்ச்ஓவர் சுவிட்ச் கிடையாது. லைனைத் துண்டிக்காமல் ஜெனரேட்டரை மாட்டினால் கரண்ட் திரும்பி ஏறும். டிரான்ஸ்பார்மரில் போய் அது 11,000 வோல்ட் ஆகும். அந்த நேரத்தில் அடுத்த ஊரில் கம்பத்தின் மேல் இருக்கிற லைன்மேன் கதி என்ன? நான் ஒவ்வொரு இடத்திலும் லைனைத் துண்டிக்க பியூஸ் கேரியரைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டுதான் ஜெனரேட்டரைத் தொட்டேன். வீடுகளில் சின்ன ஜெனரேட்டரை நேராகப் பிளக் பாயிண்டில் சொருகியவர்கள் அதைச் செய்தார்களா என்று எனக்குச் சந்தேகம்தான்.

இப்போது சொல்லப்போவது எனக்கு வெட்கமான விஷயம். பதினைந்து கேவிஏ வந்து நின்றதும் அதை முதலில் எந்த டேங்க்குக்குக் கொண்டுபோவது என்று யாரும் கேட்கவில்லை. நான் டிரைவரிடம் வழி சொன்னேன். என் தெரு டேங்க்குக்குப் போனது. அடுத்து, என்னோடு மினி லாரியில் ஏறியவர்களின் தெரு. அதற்கடுத்து, நடு ரோட்டில் நின்று சத்தம் போட்டவர்களின் தெரு. காலனிக்குப் போய்ச் சேர்ந்தபோது ராத்திரி பதினோரு மணி. டீசல் முக்கால் மணி நேரத்துக்குத்தான் இருந்தது. அங்கே யாரும் என்னைத் திட்டவில்லை. ஒரு அக்கா மட்டும், “நாங்க கடைசின்னு தெரியும்ண்ணே, அதான் மழைத் தண்ணிய பிடிச்சு வச்சோம்” என்றார். இத்தனை வருஷமாக அந்த வார்த்தை போகவில்லை. நிவாரண லாரிகளும் அப்படித்தான். மெயின் ரோட்டு ஓரத்து வீடுகளுக்கு மூன்று தடவை போர்வை கிடைத்தது, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒன்றுகூடப் போகவில்லை.

யாருக்கு முதலில் என்பதை அந்த நாளில் முடிவு செய்ய முடியாது. அந்த நாளில் எல்லோருக்கும் தாகம், எல்லோருக்கும் கோபம். வயிறு நிறைந்து, மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும்போது, எல்லாத் தெருக்காரர்களும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும்போதுதான் அந்த வரிசையைப் போட முடியும். அந்த இடம் கிராம சபை. அதற்குத்தான் ஒரு மணி நேரம் கேட்கிறேன்.

“தலைவர் இல்லாம என்னத்த தீர்மானம்?” என்று கேட்பீர்கள். கேள்வி சரிதான். கஜா அடித்தபோது தமிழ்நாட்டில் எந்த ஊராட்சிக்கும் தேர்ந்தெடுத்த தலைவர் கிடையாது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது, நம் மாவட்டத்தில் தேர்தல் நடந்தது 2019 டிசம்பரில். நடுவில் அரசு நியமித்த தனி அலுவலர். ஒருவர் பொறுப்பில் எத்தனையோ ஊராட்சிகள். பாவம், அவர் எந்த ஊருக்கு ஓடுவார்? அப்படித் தேர்ந்தெடுத்தவர்களின் காலமும் 2025 ஜனவரியில் முடிந்து, மறுபடி தனி அலுவலர் வந்தார். தேர்தல் அட்டவணையைப் பார்த்து எந்தப் புயலும் வருவதில்லை. ஆனால் கிராம சபைக்குப் பதவிக்காலம் என்று ஒன்று கிடையாது. வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற நாம் எல்லோரும்தான் அது. தலைவர் நாற்காலி காலியாக இருந்தாலும் நாம் இருக்கிறோம்.

மாவட்டத்தில் திட்டம் இல்லாமல் இல்லை. 2005ஆம் வருஷத்துப் பேரிடர் மேலாண்மைச் சட்டம் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஆட்சியர் தலைமையில் ஒரு ஆணையம் இருக்க வேண்டும் என்கிறது. அந்த ஆணையம் ஒரு திட்டம் போட வேண்டும், அதை வருஷாவருஷம் திருத்த வேண்டும் என்கிறது. அதில் தாழ்வான பகுதிகள், முகாம்கள், அதிகாரிகளின் எண்கள் எல்லாம் இருக்கும். மேலத்தெருவில் யாருக்கு இன்சுலின் போட வேண்டும் என்பது அதில் இருக்காது. இருக்கவும் முடியாது. அது மேலத்தெருவுக்குத்தான் தெரியும்.

அதனால் தெருவுக்கு ஒரு தாள் எழுதுவோம் என்கிறேன். தெருவுக்கு இரண்டு பேர், அதில் ஒருவர் மகளிர் குழுவில் இருந்து. படுத்த படுக்கையாக இருப்பவர்கள், மாதம் ஏறிய கர்ப்பிணிகள், டயாலிசிஸ் போகிறவர்கள், தனியாக இருக்கிற வயசானவர்கள் யார் யார் என்று முதல் பக்கத்தில் எழுத வேண்டும். அது ஊர் சுவரில் ஒட்டுகிற தாள் இல்லை, அந்த இரண்டு பேரிடமும் கிராம செவிலியரிடமும் இருந்தால் போதும். இரண்டாவது பக்கம் எல்லோரும் பார்க்கிற மாதிரி ரேஷன் கடையில் ஒட்ட வேண்டியது. அதில் மரம் அறுக்கிற மிஷின் வைத்திருப்பவர், டிராக்டர், படகு, ஜெனரேட்டர், அது எத்தனை கேவிஏ, எத்தனை பேஸ் என்பது வரை. மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலத்துக்கு 1070. இந்த எண்களைப் போனில் மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். மூன்றாம் நாள் போன் செத்துப்போனதும் மனைவியின் எண்கூட மனப்பாடமாகத் தெரியாமல் நின்றவர்களில் நானும் ஒருவன்.

அடிபம்புகளைப் பற்றியும் பேச வேண்டும். டேங்க் வந்ததும் நாமே கைவிட்டோம். பல இடத்தில் கைப்பிடியைக்கூடக் காணோம். தெருவுக்கு ஒன்றை வாஷர் மாற்றி, மாதம் ஒரு நாள் அடித்துப் பார்த்தால் போதும். அது கரண்ட் கேட்காது, டீசல் கேட்காது. கடல் தண்ணீர் ஏறிய கிணறாக இருந்தால் மட்டும் ஒரு எச்சரிக்கை. உப்பு போகட்டும் என்று ஒரேயடியாக மோட்டார் வைத்து இறைத்துத் தள்ளாதீர்கள். மேலே இருக்கிற கொஞ்சம் நல்ல தண்ணீரும் போய், அடியில் இருக்கிற உப்புத் தண்ணீர் ஏறிக்கொள்ளும். சுனாமிக்குப் பிறகு நம் கரையோரத்தில் இப்படிக் கெட்ட கிணறுகள் உண்டு.

தென்னை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், சிலருக்குக் கசக்கும். எனக்கு நாற்பது மரம் இருந்தது, முப்பத்தொன்று போனது. அரசு மரத்துக்கு 600 ரூபாயும் வெட்டி அகற்ற 500 ரூபாயும் கொடுத்தது. காய்த்துக்கொண்டிருந்த மரத்துக்கு அது எந்த மூலைக்கு என்று நானும்தான் கத்தினேன். அப்போது தென்னை வளர்ச்சி வாரியத்தின் மரக் காப்பீட்டில் பதினாறு வயசுக்கு மேற்பட்ட மரத்துக்கு வருஷப் பிரீமியம் 14 ரூபாய், காப்பீட்டுத் தொகை 1,750. அந்தப் பதினாலிலும் முக்கால் பங்கை வாரியமும் மாநில அரசும் கட்டும். நம் பங்கு மூன்றரை ரூபாய். நாற்பது மரத்துக்கு வருஷம் 140 ரூபாய். நான் கட்டவில்லை. நீங்களும் கட்டவில்லை, எனக்குத் தெரியும். இப்போது தொகை என்ன, யாரிடம் கட்டுவது என்பதை வேளாண்மை அலுவலரைக் கூப்பிட்டு அதே கூட்டத்தில் சொல்லச் சொல்வோம். விழுந்த மரங்களை மட்கவிட்டதால் காண்டாமிருக வண்டு பெருகி, தப்பித்த ஒன்பதில் மூன்றின் குருத்தையும் குடைந்தது. வெட்டிய கட்டையை எங்கே போடுவது என்பதையும் அந்தத் தாளில் எழுத வேண்டும்.

என் பங்குக்கு நான் செய்வதைச் சொல்கிறேன். நான்கு டேங்க் மோட்டார் அறைக்கும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் வைக்கத் தீர்மானம் போட்டு, மின்வாரியத்தின் அனுமதியும் வாங்கிவிட்டால், சாமானுக்கு ஊராட்சி காசு கொடுக்கட்டும், கூலி எனக்கு வேண்டாம். எந்த ஒயர் எங்கே, எது மாறினால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும் என்று அறைச் சுவரிலேயே பெயிண்டில் எழுதிவைக்கிறேன். தெருவுக்கு ஒரு பையனோ பெண்ணோ அனுப்புங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை கற்றுக்கொடுக்கிறேன். ஜெனரேட்டர் போகிற வரிசையில் காலனி டேங்க் முதலில் இருக்க வேண்டும் என்று நான் எழுந்து நின்று முன்மொழிவேன். ஏன் என்று கேட்பவர்களுக்கு மேலே சொன்ன கதையை அங்கேயே இன்னொரு தடவை சொல்கிறேன்.

கூட்டத்துக்கு முன்னால் ஒரு சின்ன உதவி. புயல் என்றால் நாம் எல்லோரும் போய் ஒதுங்க வேண்டிய பள்ளிக்கூடக் கட்டடத்தின் சாவி ராத்திரியில் யாரிடம் இருக்கும் என்று தெரிந்தவர்கள் கடைக்குச் சொல்லி அனுப்புங்கள். போன வாரம் மூன்று பேரைக் கேட்டேன். மூன்று பேரும் வேறு வேறு பெயரைச் சொன்னார்கள். அதில் ஒருவர் இப்போது சிங்கப்பூரில் இருக்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் காயில் கட்டுகிறவன்